திருப்பி மாட்டிய அட்டை

கோரிப்பாளையம் தர்கா வாசலில் அப்துல் வஹீதுக்குத் தொப்பியும் அத்தரும் விற்கும் கடை இருக்கிறது. அவர் வீட்டார் எதற்காகவும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. கொடுத்த வாக்கை மாற்றியதில்லை. வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொன்னதும் இல்லை.

அவருடைய தங்கை சாயிரா பானுவுக்கு இளம் வயதிலேயே பார்வை போய்விட்டது. அது அடுத்த வீட்டுக்குக்கூடத் தெரியாது. விருந்தாளிகள் வந்தால் சாயிரா உள்ளறைக்குப் போய்விடுவார். அவளுக்குத் தலைவலி என்று வஹீது சொல்லிவிடுவார். வருடக்கணக்காகத் தீராத தலைவலி அது.

இப்போது அந்த வீட்டின் மூத்த மகள் நுஸைபாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அந்த நேரத்தில்தான் பள்ளியில் கண் பரிசோதனை வந்தது.

கடைசி மகன் யாசீன் இரண்டாம் வகுப்பு. சில மாதங்களாகவே அவன் கதவில் இடித்துக்கொள்கிறான். பந்து முகத்தில் பட்ட பிறகுதான் அதைப் பிடிக்கக் கை நீட்டுகிறான். பொழுது சாய்ந்தால் அக்கா ஷைமாவின் துப்பட்டாவை விடுவதில்லை.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஷைமாவை வஹீது கூப்பிட்டார்.

"இவனுக்கும் கண்ணுல கோளாறுன்னு தெரிஞ்சா, பரம்பரையா வாரதுன்னு பேசுவாக. அப்புறம் நுஸைபாவை யாரு கட்டுவா? வெளிய வாயத் தொறக்க மாட்டேன்னு வாக்குக் கொடு."

"தொறக்க மாட்டேன் அத்தா."

மறுநாள் நாகலக்ஷ்மி டீச்சர் பள்ளி வராந்தாவின் கோடியில் ஒரு வெள்ளை அட்டையை மாட்டினார். அதில் மூன்று கால்கள் நீட்டிய ஒரே உருவம் வரிசை வரிசையாக இருந்தது. முதல் வரியில் பெரியது ஒன்று. கீழே போகப் போகச் சிறியவை. தரையில் போட்ட கோட்டில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று சொல்ல வேண்டும். முதலில் ஐந்தாம் வகுப்புக்குப் பார்த்தார்கள்.

ஷைமா எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு வந்து யாசீனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவன் அதை ஒரு பாட்டுப் போல இழுத்துப் பாடிப் பழகினான். அடுத்த நாள் ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னான். டீச்சர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வஹீது அன்று கடையிலிருந்து திரும்பும்போது அல்வா வாங்கி வந்தார். ஷைமாவுக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது.

ஆனால் அன்று மாலையே அந்த இனிப்பு போய்விட்டது. குர்ஆன் ஓதிவிட்டு ஷைமாவும் யாசீனும் திரும்பும்போது தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. ஷைமா செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்த நேரத்தில் யாசீன் சாலையில் இறங்கிவிட்டான். அவனியாபுரம் போகும் ஷேர் ஆட்டோ ஒன்று கிறீச்சென்று நின்றது. யாசீன் கீழே விழுந்து கிடந்தான். முழங்கையில் ரத்தம்.

ஓட்டுநர் அழகுபாண்டி இறங்கி ஓடி வந்தார். "ஏண்டா, இம்புட்டுப் பெரிய வண்டி வருது. கண்ணு தெரியலையா?"

"நல்லாத் தெரியுது" என்றான் யாசீன். அவனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அழகுபாண்டிக்கு இடப்பக்கமிருந்த மின்கம்பத்தைப் பார்த்து அதைச் சொன்னான்.

ஷைமா அவனைத் தூக்கி நிறுத்தினாள். அட்டையைக் கற்றுக்கொடுத்தது அவள்தான். இனி யாருமே யாசீனைச் சோதிக்க மாட்டார்கள். வாயைத் திறந்தால் வாக்குத் தவறிவிடும். திறக்காவிட்டால் அடுத்த வண்டி நிற்காமலும் போகலாம்.

மறுநாள் மற்ற வகுப்புகளுக்காக அட்டை அங்கேயே தொங்கியது. ஷைமா யாசீனின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கோட்டின்மேல் நிறுத்தினாள். இவனைத்தான் நேற்றே பார்த்தாயிற்றே என்று டீச்சர் சொன்னார். ஷைமா நேராகப் போய் அட்டையைத் திருப்பி மாட்டினாள். இப்போது தெரிந்தது அட்டையின் முதுகு. அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

"சொல்லுடா" என்றாள்.

யாசீன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டான். வெறும் அட்டையைப் பார்த்து, நேற்றைய ராகத்திலேயே தொடங்கினான். "மேலே. வலது. கீழே. கீழே. இடது..."

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். யாசீன் நிறுத்தினான்.

"தப்பாச் சொல்லிட்டேனாக்கா?"

"இல்லடா. சரியாத்தான் சொன்னே."

டீச்சர் சிரிக்கவில்லை. அவனருகே மண்டியிட்டு, விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டே கேட்டார். சீக்கிரமே அவனால் சொல்ல முடியாமல் போயிற்று.

அன்று மாலை டீச்சர் வீடு தேடி வந்தார். வஹீது மரியாதையாக உட்கார வைத்தார், தேநீர் கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். டீச்சர் போன பிறகு மகளைப் பார்த்தார்.

"வாக்குக் கொடுத்தியே."

"நான் வாயத் தொறக்கல அத்தா. அட்டையைத்தான் திருப்பினேன்."

வஹீது கையை ஓங்கிவிட்டார். அப்போது உள்ளறை வாசலில் நின்று சாயிரா பேசினார். அவர் குரல் அந்தக் கூடத்தில் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"எனக்கும் இப்படித்தாண்ணே ஆரம்பிச்சுச்சு. எனக்கு யாரும் அட்டை காட்டல."

ஓங்கிய கை மெல்ல இறங்கியது.

கண் மருத்துவமனையில் நல்ல செய்தி ஒன்றும் கிடைக்கவில்லை. போன பார்வை போனதுதான் என்றார் மருத்துவர். கண்ணாடி கொஞ்சம் உதவும், இருட்டில் அதுவும் உதவாது, வளர வளர இன்னும் குறையலாம் என்றார். வஹீது நிமிர்ந்து உட்கார்ந்தே கேட்டார். வெளியே வந்து படிக்கட்டில் கால் தடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பெண் பார்க்க வருவதாக இருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு அவரே போய் விஷயத்தைச் சொன்னார். அதன்பின் அவர்கள் வரவில்லை. அவர்களுக்காக எடுத்து வைத்த கண்ணாடி டம்ளர்களை நுஸைபா துடைத்துப் பரணில் ஏற்றினாள். யாரையும் குறை சொல்லவில்லை.

மறுநாள் வஹீது யாசீனின் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தார். ஆட்டோ நிறுத்தத்தில் எல்லோரும் கேட்கும்படி அழகுபாண்டியிடம் சொன்னார்: "தம்பி, இவன் என் மகன். இவனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. பாத்து ஓட்டுங்க."

"சரிண்ணே" என்றார் அழகுபாண்டி.

பள்ளியில் யாசீனுக்கு முதல் பெஞ்சில் இடம் கிடைத்தது. வாரம் ஒருநாள் சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து, விரலால் தடவிப் படிக்கும் எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவன் கேட்டுக்கொண்டதால் சாயிராவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

புதுக் கண்ணாடி வந்ததும் டீச்சர் அவனை மறுபடி கோட்டில் நிறுத்தினார். ஷைமா பக்கத்தில் நின்றாள். யாசீன் அட்டையையே வெகுநேரம் பார்த்தான்.

"மூணு காலு இருக்குக்கா!"

முதல் வரியைச் சொன்னான். இரண்டாவதைச் சொன்னான். மூன்றாவதில் திணறி, கண்ணைச் சுருக்கிச் சொல்லி முடித்தான். மிச்ச வரிகள் அவனுக்கு இன்னும் மனப்பாடம்தான். ஷைமாவுக்கு அது தெரியும்.

"அவ்வளவுதான் டீச்சர். மிச்சம் எனக்குத் தெரியல" என்றான் யாசீன்.