லட்சத்தில் ஒருவர்

“இது என்ன?” என்று கேட்டது காவலி என்ற சோதனைக் கருவி. அதன் உள்ளங்கை அகலத் திரையில் ஒரு குடை.

பிலோமி விழித்தாள். காவலிக்குப் பின்னால், அதன் பார்வை எட்டாத இடத்தில் நின்ற அவள் கணவன் சூசை, இல்லாத குடையை அவசரமாக விரித்துத் தலைக்கு மேல் பிடித்தான்.

“குடை.”

“சரி. பத்துக்குப் பத்து. இன்றைக்கு மருந்து உண்டு.”

அவள் தோளில் தைத்திருந்த மருந்துக் குமிழான தணிமணி ஒரு சொட்டை ரத்தத்தில் கலந்தது. பிலோமியின் நோயெதிர்ப்புப் படை அவளுடைய நரம்புகளையே தின்றுகொண்டிருந்தது. தணிமணி வந்துதான் அதை அடக்கியது. படுத்த படுக்கையாகக் கிடந்தவள் இப்போது மீன் மார்க்கெட் வரை நடக்கிறாள். ஆனால் படை அடங்கிக் கிடக்கையில், மூளையில் உறங்கும் ஒரு வைரஸ் விழித்துக்கொண்டு நினைவை அரிக்கலாம். லட்சத்தில் ஒருவருக்குத்தான் என்றார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் தினமும் காலையில் பத்துக் கேள்விகள். இரண்டு பதில் தப்பானால் மருந்து நின்றுவிடும்.

சூசைக்கு வைரஸைவிடப் படுக்கைதான் பயம். ‘தூக்கமில்லாம வந்த மறதி, வேற ஒண்ணுமில்ல’ என்று தன்னையே தேற்றிக்கொண்டு நாற்பது நாள் சைகை காட்டினான். பாவி மனுஷன், அன்பினால்தான் காட்டினான்.

நாற்பத்தோராம் நாள் திரையில் சீப்பு வந்து, அவன் தலை வாரிக் காட்டியபோது பிலோமி அவனையே உற்றுப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, நீங்க யாரு? எங்க வீட்டுல நின்னு எதுக்குக் கூத்துக் காட்டுதிய?”

ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “மொத வாரமே தெரிஞ்சிருந்தா மருந்த நிறுத்திக் காப்பாத்தியிருக்கலாம். காவலி ஒரு தப்பும் காட்டலையே! இந்த மாவட்டத்துல இதுவரைக்கும் யாருக்குமே காட்டல.”

சூசை எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் மருந்தை நிறுத்தச் சொல்லிச் சீட்டு எழுதினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெளியே வராந்தாவில் தணிமணி நிரப்பிக்கொள்ள ஒரு நீண்ட வரிசை. பெஞ்சில் ஒருவர் காவலியை முகத்துக்கு நேரே பிடித்தபடி திணறிக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால் நின்ற அவர் மனைவி, இல்லாத குடையை விரித்துக்கொண்டிருந்தாள்.

சூசை ஓடிப்போய்க் கும்பிட்டான். “யக்கா, வேண்டாம்! உள்ள போய் உண்மையச் சொல்லிருங்க!”

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“மெதுவாப் பேசுங்க தம்பி, அதுக்குக் கேட்டுரும். இவுகளுக்குத் தூக்கமில்லாம வந்த மறதிதான். அந்தச் சீக்கு லட்சத்துல ஒருத்தருக்குத்தான வருமாம்?”