நாலாவது டேக்

டிவியில் குதிரையை விட்டு இறங்கிய கறுப்புத் தொப்பிக்காரன் வாயைத் திறப்பதற்கு முன் மூக்கால் ஒரு மூச்சு இழுத்தான். சோபாவில் சாய்ந்திருந்த டப்பிங்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவருடைய மூச்சு. இருபது வருஷம் மைக் முன்னால் நின்று ஒவ்வொரு வசனத்துக்கும் முன்பு அவர் இழுத்தது. "உங்க மூச்சுக்கே தனி டிராக் வேணும்ணே" என்று சவுண்ட் எஞ்சினியர் சலித்துக்கொண்டே வெட்டி எறிந்தது.

"ஊர்ல யாரு பெரியவன்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்," என்றான் தொப்பிக்காரன்.

குரலும் அவருடையதுதான். பழைய கௌபாய் படத்தில் இதே வில்லனுக்குத் தமிழில் பேசியவர் அவர். மூன்று வருஷத்துக்கு முன் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, கையில் ஒரு நோட்டு. அந்தக் கதையை மறுபடி எடுத்திருக்கிறார்கள், பாருங்கள் என்று எஞ்சினியர்தான் டிஸ்க்கை அனுப்பியிருந்தான்.

வெளியே நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு மழை. அறைக்குள் காயாத துணியின் வாடை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஏழு வயது மகள் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பழைய டேப்பிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறான்கள், ஒரு வார்த்தை கேட்டானா படுபாவி என்று பொருமியபடி அவர் எஞ்சினியருக்கு மெசேஜ் தட்டினார். ஆதாரம் வேண்டுமே. பின்னால் ஓட்டி மறுபடி போட்டார்.

"வீட்ல யாரு பெரியவன்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

முதலில் ஊர் என்றுதானே சொன்னான்?

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். இது உன் குரலாப்பா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் முகம் மலர்ந்தது. ஆபரேஷனின்போது அவளுக்கு நாலு வயது. அப்பா எப்படிப் பேசுவார் என்று அம்மாவை அவள் நச்சரித்ததை அவர் ஒட்டுக் கேட்டிருக்கிறார். திரையில் இருந்தவன்மேல் அவருக்குப் பொறாமையாகவே இருந்தது.

மூன்றாம் முறை போட்டார். வசனம் முடிந்தது, தொப்பிக்காரனின் உதடு மூடியது, குரல் மட்டும் நிற்கவில்லை. "வேற யாரு இருக்கா வீட்ல?" லிப் சிங்க் கூடத் தெரியாத முட்டாள்கள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. தொழில் புத்தி. பிசகிய இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தே பழகிய கை, தானாக ரிமோட்டை அழுத்தியது.

போன் அதிர்ந்தது. "அண்ணே, அதுல தமிழே கிடையாது. டப்பிங்கே இன்னும் ஆரம்பிக்கல."

தப்பைப் பிடிப்பதாக நினைத்து, எதுவோ ஒன்றுக்கு அவர் டேக் மேல் டேக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் ஒவ்வொரு டேக்கிலும் தேறிக்கொண்டே வந்திருக்கிறது.

நாலாவது ஓடத் தொடங்கியிருந்தது.

"சுண்டெலி," என்றது குரல். அவர் மட்டும் மகளைக் கூப்பிட்ட பெயர். குரலோடு போன பெயர்.

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது. மழைச் சத்தம் மட்டும்.

"சுண்டெலி, இங்க வாடா."

படுக்கையறையிலிருந்து.

மகள் எழுந்தாள். அவரைப் பார்த்தாள். அறைக் கதவைப் பார்த்தாள். போகாதே என்று அவர் வாய் திறந்தது. கழுத்துத் துளையில் காற்று சீறியது. அவ்வளவுதான். ஓடினாள். எட்டிப் பிடித்த கையில் சட்டை நுனி வழுக்கியது.

கதவு சாத்திக்கொண்டது.

தோளால் முட்டினார். உள்ளே யாரோ கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். இரண்டு கையாலும் அடித்தார். உள்ளே அவருடைய குரல் ஏதோ சொல்ல, மகள் கிளுகிளுவென்று சிரித்தாள். இத்தனை நாளில் இப்படிச் சிரித்ததே இல்லை.

மறுபடி அடித்தார். சிரிப்பு நின்றது.

"யாருப்பா கதவைத் தட்றது?"

"தெரியலடா. பேச மாட்டேங்கிறான்."

நாற்காலி இழுபடும் சத்தம். அதன்மேல் ஏறிய பிஞ்சுக் கை ஒன்று, உள்பக்கத் தாழ்ப்பாளை மெதுவாகத் தள்ளிப் போட்டது.