வால் கடக்கும் வரை

அன்று பனிமூட்டம் இருந்ததா, இல்லை நினைவுதான் அப்படி மூடிக்கொண்டிருக்கிறதா என்று இப்போது அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எத்தனையோ விஷயங்கள் கலங்கிப் போய்விட்டன. கோப்பைகள் மட்டும் தெளிவாக நிற்கின்றன. காரின் பின்கதவைத் தூக்கிவிட்டு, இறக்கிவைத்த சைக்கிள்களுக்கு நடுவே அக்கா ஃபிளாஸ்கைத் திறந்தபோது நான்கு கோப்பைகளை எடுத்து வைத்தாள். வந்திருந்தவர்கள் மூன்றே பேர்.

"நாலாவது யாருக்குக்கா?"

"கைப்பழக்கம்டி," என்றாள் அக்கா. அந்தக் கோப்பையைத் துடைத்து, ஒரு புதுத் துண்டில் சுற்றி, முதுகுப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பைக்குள் மடித்துவைத்த ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றும் கண்ணில் பட்டது. துக்கம் மனிதர்களை என்னென்னவோ செய்யவைக்கும் என்று நினைத்து, அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

அத்தான் காணாமல் போய் ஓராண்டு ஆகியிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். விடுமுறை வந்தால் வீடு தங்கமாட்டார், சைக்கிளோடு மண்பாதைகளில்தான் கிடப்பார். கடைசியாகப் போனதும் இதே பாதைதான். சைக்கிள் மட்டும் வேலியோரம் கிடைத்தது. அன்று வரிசையின் கடைசியில், அவர்கள் பேச்சில் 'வால்' ஆக, வந்திருக்க வேண்டியவள் அவள். காய்ச்சலில் படுத்துவிட்டதால் அத்தான் வாலானார். அதற்குப் பிறகு அக்கா சண்டை போடவில்லை, ஏசவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து கூப்பிட்டுவந்த 'குட்டி' என்ற பெயர் அக்காவின் வாயிலிருந்து உதிர்ந்தே போனது. போன வாரம் திடீரென்று போன் செய்து, "சைக்கிள்ல போகலாம், வரியா?" என்று கேட்டபோது, மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் அடுத்த நோயாளியை நிறுத்தி வைத்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. கூப்பிட்டாளே, அது போதும்.

மூன்றாமவர் அத்தானின் சிநேகிதர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். டயர் காற்றுப் போகாமல் ஒருநாளும் வீடு சேர்ந்ததில்லை என்பதால் எல்லோருக்கும் அவர் 'பஞ்சர்'.

"இன்னைக்கு எத்தனை டியூப் கொண்டாந்தீங்கண்ணே?"

"ரெண்டு. ஒண்ணு சைக்கிளுக்கு, ஒண்ணு என் ராசிக்கு."

வழக்கமாக அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். அன்று டயரைப் பார்த்துச் சொன்னார்.

"முன்னால நான், நடுவுல அவரு. நீ வால்," என்று அக்கா அவள் ஹெல்மெட் வாரைத் தாடைக்கடியில் தானே மாட்டிவிட்டாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

பாதை பிரியும் இடங்களுக்கு அத்தான் ஒரு விதி வைத்திருந்தார். நடுவில் வருகிறவர் இறங்கி, போகவேண்டிய பக்கம் கையை நீட்டியபடி நிற்க வேண்டும். வால் தன்னைக் கடக்கும் வரை அசையக் கூடாது. கடந்த பிறகுதான் கையை இறக்கி, சைக்கிள் ஏறி, முந்திப்போய்த் தன் இடத்தைப் பிடிக்கலாம். மழை கொட்டினாலும் விதி விதிதான். இத்தனை வருடங்களில் யாரும் வழி தவறவில்லை. நீட்டிய கையைக் கண்டால் யோசிக்காமல் திரும்புவது அவர்கள் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது.

தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கியபோது வெளிச்சம் பழுப்பாகியிருந்தது. இரண்டு பக்கமும் ஆளுயர முள்வேலி. டிராக்டர் உழுதுவைத்த தடங்களில் கலங்கிய நீர் தேங்கி, டயர் ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் யாரோ நாக்கைச் சப்புக்கொட்டுவது போன்ற சத்தம் எழுந்தது. ஈர இலைகளின் அழுகல் வாடையும் இரும்புத் துருவின் வாடையும் மூக்கில் ஏறின. முன்னால் பஞ்சரின் செயின் கிறீச்சிட்டுக்கொண்டே போனது. அந்தக் கிறீச்சொலியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் போனாள்.

முதல் பிரிவில் பஞ்சர் கையை நீட்டி நின்றார். அவள் நெருங்கியதும் மெல்லிய குரலில், "உன் பின்சக்கரம் உரசுது பாரு. பேசாம காருக்குத் திரும்பிடேன்மா," என்றார்.

"ஒண்ணும் உரசலையேண்ணே."

"உரசுதுன்னு வெச்சுக்கயேன்."

"அக்கா காத்திருப்பா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கடந்தாள். இனி அவர் கை இறங்கும், ஏறுவார், அந்தச் செயின் பின்னாலிருந்து கிறீச்சிட்டு வந்து முந்தும். அவள் ஓரமாக ஒதுங்கியே மிதித்தாள்.

செயின் சத்தம் வரவேயில்லை.

நின்று திரும்பிப் பார்த்தாள். பாதை வெறுமையாகக் கிடந்தது. குரல் கொடுத்தாள். பனி அதை விழுங்கிக்கொண்டது. பறவை இல்லை, பூச்சி இல்லை. தன் மூச்சு மட்டும் ஹெல்மெட்டுக்குள் பெரிதாகக் கேட்டது. முன்னால் அக்கா இருக்கிறாள் என்ற ஒரே தைரியத்தில் மறுபடி மிதித்தாள்.

அடுத்த பிரிவில் ஓர் உருவம் நின்றது. கை வலப்பக்கம் நீண்டிருந்தது.

அக்காதான் என்று நினைத்தாள். அக்கா போட்டிருந்தது சிவப்பு. இது மஞ்சள். மழைக்கோட்டு. முழங்கை மடிப்பில் பாசி. கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை, நீர்த்துளிகள் கோத்து, கிழியாமல்.

அதற்கு மேலே மூக்குக்கண்ணாடி போட்ட முகம். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் உயிரோடு இருந்தன.

"அத்தான்?"

உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை. அதே அசைவு மறுபடி மறுபடி. எக்ஸ்ரே அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் நிற்பவர்களின் வாயைப் படித்துப் பழகியவள் அவள். *வராதே. கடக்காதே.*

கால் தரையில் ஊன்றியது. சைக்கிளைத் திருப்பப் போனாள்.

"குட்டி!"

வலப்பக்கப் பாதையின் உள்ளிருந்து அக்காவின் குரல்.

"என்னடி குட்டி அங்கேயே நின்னுட்ட? பயமா இருக்கா? அக்கா இங்கதான் இருக்கேன், வா."

ஓராண்டு. ஓராண்டாக அந்தப் பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். அக்காவிடம் போய்விட்டால் போதும். அத்தான் இங்கே நிற்கிறார் என்று சொன்னால் போதும். அவள் பெடலை அழுத்தினாள்.

கடந்தாள்.

பின்னால் சிலந்தி வலை கிழியும் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தம் கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். கேட்டது.

அக்கா ஓடி வந்தாள். அவளைத் தாண்டி ஓடினாள். புதுத் துண்டை அத்தானின் தோளில் போர்த்தி, நான்காவது கோப்பையில் தேநீர் ஊற்றி, கோப்பையைச் சுற்றி அவர் விறைத்த விரல்களைப் பொருத்திப் பிடித்தாள்.

"வாரா வாரம் வந்தேன்," என்றாள் அக்கா, திரும்பாமலே. "தனியா எத்தனை தடவை கடந்து பார்த்தேன். அவர் கை இறங்கல. வரிசை வேணும். வால் வேணும்."

"அக்கா…"

"அன்னைக்கு வால் உன் முறைதானே."

சைக்கிள் அவளுக்கடியிலிருந்து சாய்ந்து விழுந்தது. அவள் விழவில்லை. கால்கள் அவளைப் பிரிவுக்கு நடத்திச் சென்றன. மஞ்சள் கோட்டு நின்ற இடத்தில் புல் முளைக்காத இரண்டு பாதத் தடங்கள். அவள் பாதங்கள் அதில் பொருந்தின. வலது கை மேலே எழுந்தது. இறக்கப் பார்த்தாள்.

இறங்கவில்லை.

மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்கப் பிறருக்குச் சொன்னவள் அவள். சொன்ன மறுநொடியே, சரி, விடுங்க என்பாள்.

விடு என்று சொல்ல யாருமில்லை. சிவப்பும் மஞ்சளும் பனிக்குள் போயின. அத்தான் ஒருமுறை அவள் பக்கம் திரும்ப முயன்றார். அக்கா அவர் தலையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அக்காவும் அத்தானும் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். அத்தானுக்கு வலது கை இன்னும் மடங்குவதில்லை. கடையை இடது கையால் நடத்துகிறார். அவர் கேட்காமலேயே அக்கா சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுகிறாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பஞ்சர் சைக்கிளை விற்றுவிட்டார். எக்ஸ்ரே அறையில் வேறொரு பெண் இருக்கிறாள்.

அவள் அங்கேயே நிற்கிறாள். விலாவுக்கும் கைக்கும் நடுவே வலை பின்னி முடிந்துவிட்டது. இன்று மாலை பாதையில் டயர்கள் சேற்றில் இறங்கி ஏறும் சத்தம் வருகிறது. ஒரு குடும்பம் போலிருக்கிறது, சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறார்கள். எல்லோருக்கும் கடைசியில், கொஞ்சம் பின்தங்கி, பிள்ளைகள் சைக்கிளின் சின்ன மணி ஒலிக்கிறது.

வராதே என்று அவள் உதட்டையாவது அசைக்கலாம். அத்தான் அசைத்தார்.

அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.