தூண் இருந்த இடம்

தாடிக்கொம்பு ரோட்டில் ரொனால்டின் வீட்டைத் தேடிப் பிடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். தெரு முழுக்க ஒரே புழுக்கம்.

"வாங்க சார். மேல இன்னொரு மாடி எடுக்குறோம். நீங்க ஒரு கையெழுத்து போட்டுட்டாப் போதும், அம்புட்டுதான்," என்றார் ரொனால்டு.

நாற்பது வருடத்துக்கு மேல் கட்டடங்களுக்குப் பாரக் கணக்குப் போட்டிருக்கிறேன். ஒருவரும் கணக்கைக் கேட்டு வந்ததில்லை. கையெழுத்து கேட்டுத்தான் வருவார்கள். கம்பியைக் குறைக்காதே என்றால் குறைப்பார்கள். கான்கிரீட் இறுகும்வரை சென்ட்ரிங் பலகையைப் பிரிக்காதே என்றால் அன்றைக்கே பிரிப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் இந்தத் தலைவலி விடவில்லை. நான் வந்ததே ஆண்டனிராஜுக்காகத்தான். என்னோடு ஒரே அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். இந்த வீடு அவன் வரைந்து கொடுத்தது. போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஹாலுக்குள் ரொனால்டின் மகள் ஏஞ்சலின், தரையில் பிள்ளைகளை உட்காரவைத்து டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். தரையை உயர்த்தி டைல்ஸ் போட்டதில், குறுக்கே ஓடும் பெரிய பீம் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்திருந்தது. அதன் நடுவே தூண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிமெண்ட் பூச்சு.

"இங்க இருந்த தூண் எங்க?"

"அதுவா? பின்னாடி இருக்க பிள்ளைகளுக்கு போர்டை மறைக்குதுன்னு எடுத்துட்டோம் சார். ஆண்டனி சாரு இருந்தவரைக்கும் கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. அவரு அடக்கம் முடிஞ்ச மறுவாரம் எடுத்தோம். நிக்குதுல்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிற்கவே கூடாது. எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் அந்த பீம் அன்றைக்கே முறிந்து, மாடியோடு பிள்ளைகள் தலையில் இறங்கியிருக்க வேண்டும். ஒரு விரிசல்கூட இல்லை.

"முதல்ல பிள்ளைகளை வெளிய அனுப்புங்க."

"பரீட்சை வருது சார். நீங்க வேற பயமுறுத்திக்கிட்டு," என்று சிரித்துவிட்டு, காபி சொல்ல உள்ளே போனார்.

தூண் இருந்த இடத்தில் போய் நின்றேன்.

அங்கே மட்டும் குளிர்ந்தது.

ஈரச் சிமெண்ட்டும் வியர்வையும் கலந்த வாசம் வந்தது. ஃபேன் ஓடாத அமைதியில், பிள்ளைகளின் முணுமுணுப்புக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. மூட்டை சுமப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு.

என் காதுக்குப் பக்கத்தில்.

நிமிர்ந்து பார்த்தேன். பீமின் அடியில் இரண்டு உள்ளங்கைகளின் ஈரத்தடம். நான் பார்க்கப் பார்க்க, விரல்கள் அகன்று இன்னும் அழுத்திப் பதிந்தன.

"தாசு."

என்னை அப்படிக் கூப்பிட்டவன் ஆண்டனிராஜ் ஒருவன்தான்.

"முடியலைப்பா. செத்த நேரம் பிடி."

ஓடியிருப்பேன். பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கைகளை உயர்த்தி அந்த ஈரத்தின் மேல் வைத்தேன்.

பாரம் இறங்கியது.

தோள், முதுகு, முழங்கால் என்று எலும்பெல்லாம் நொறுங்குகிற பாரம். மேலேயிருந்து காரை உதிர்ந்தது.

"பிள்ளைகளைக் கூட்டிட்டு வெளிய போ ஏஞ்சலின்," என்றேன். பாதிக் குரல்தான் வந்தது. என் முகத்தைப் பார்த்தவள் ஒரு கேள்வியும் கேட்காமல் அத்தனை பேரையும் தெருவுக்கு விரட்டினாள்.

கடைசிப் பிள்ளை வாசலைத் தாண்டியதும், சில்லிட்ட இரண்டு கைகள் என் கைகளை விலக்கிவிட்டுப் பாரத்தை வாங்கிக்கொண்டன. நான் தரையில் சரிந்தேன்.

இருட்டுவதற்குள் திருகி இறுக்கும் இரும்பு முட்டுகளை வரவழைத்து, பீமுக்கு அடியில் கூடவே நின்று இறுக்க வைத்தேன். புதுத் தூண் எழும்பும்வரை டியூஷன் கூடாது என்று ரொனால்டிடம் கத்தினேன். வீடு திரும்பியதும், இனியாவது அவனுக்கு ஓய்வு கொடும் ஆண்டவரே என்று ஆண்டனிக்காக ஜெபித்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் ஏஞ்சலின் போன் செய்தாள்.

"அங்கிள், முட்டெல்லாம் லூசாயிருச்சு. விரலால தொட்டாலே சுத்துச்சு. பாரமே இல்லைனு தெரியுதுல்லன்னு சொல்லி அப்பா எல்லாத்தையும் வண்டில ஏத்தி அனுப்பிட்டாரு. திங்கக்கிழமை டியூஷன்னு பிள்ளைகளுக்கும் சொல்லியாச்சு."

இறுக்கிய முட்டு லூசாக வேண்டுமென்றால் பீமை யாராவது அதற்கும் மேலே தூக்கியிருக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே எவர் வேலையையும் நம்பாதவன் அவன்.

"நீ அந்த ஹாலுக்குள்ள போகாதம்மா. நான் இப்பவே வாரேன்."

"ஹால்லதான் நிக்கிறேன் அங்கிள்." அவள் குரல் தணிந்தது. "இங்க யாருமே இல்ல. ஆனா யாரோ மூச்சு வாங்குறாங்க. தாசு வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. தாசுங்கிறது யாரு அங்கிள்?"