முத்தவல்லி வாசல் ஆணி

கெய்ரோவில் கூடாரத் துணி தைக்கிற தெருவை ஒட்டிய மருந்துக் கடைக்குள் ராவியா வந்தபோது பிற்பகல் அஸர் தொழுகை முடிந்திருந்தது. முக்காட்டை இழுத்து வீங்கிய கன்னத்தோடு கட்டியிருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. ஏழு மாதம். இதற்கு முன் உண்டான இரண்டும் தங்கவில்லை. இதையாவது கையில் வாங்கிவிட வேண்டும், அதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

"டாக்டர், பல்லு உசுரை எடுக்குது. என் நாத்தனாருக்குக் குடுத்தீங்களே, அந்தச் சிவப்பு மாத்திரை, அதையே குடுங்க."

"அது உங்களுக்கு ஆகாது," என்றாள், தெருவே டாக்டர் என்று கூப்பிடும் மருந்துக் கடைக்காரி நெர்மின். "இந்த மாசத்துல அதைப் போட்டா குழந்தையோட நெஞ்சு பாதிக்கும். பாராசிட்டமால் தர்றேன். அது வலியை மழுக்கும், சொத்தையை ஆத்தாது. மாடியில பல் டாக்டர் இருக்கார், இப்பவே ஏறிப் போங்க. புள்ளத்தாச்சிக்கும் பாக்கலாம், பயமில்ல."

"ஊசி போடுவாரா?"

"மரத்துப் போக ஒண்ணு போடுவார்."

போன முறை குழந்தை கலைந்ததற்கு முந்தின நாள் அவளுக்கு யாரோ ஊசி போட்டிருந்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை பேர் சொல்லியும் அவள் மனசு கேட்கவில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு மாடிப்படியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டினாள்.

வீட்டில் நாத்தனார் இன்ஸாஃப் சிரித்தாள். "ஊசிக்கே இப்படி நடுங்குறியே, பிரசவத்துக்கு என்னடி பண்ணுவே? போய் முத்தவல்லி வாசல்ல ஆணி அடிச்சிட்டு வா. நம்ம ஆளுங்க வலியெல்லாம் அங்கதானே இருக்கு."

அந்தக் கோட்டை வாசல் கதவில் அடித்திருந்த ஒவ்வொரு பழைய ஆணியும் ஒருவருடைய பல்வலி. அடித்தவர் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். இப்போது காவல்காரன் சுத்தியலை எடுக்க விடுவதில்லை. "அதனால என்ன மதினி, ஏற்கெனவே இருக்கிற ஆணியில என் முடியைச் சுத்திட்டு வந்தாப் போச்சு," என்றாள் ராவியா.

அங்கேதான் அவளுக்குப் புத்தி கெட்டது.

மாலை வெயில் மங்கியிருந்தது. வாசலின் வளைவுக்குள் வெளிச்சம் அதற்குள் செத்துப்போயிருந்தது. துருவும் கிராம்பும் கலந்த வாடை அடித்தது. காவல்காரன் கரும்புச்சாறு குடிக்கப் போனதும், கைக்கு எட்டிய ஓர் ஆணியில் முடியைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டாள்.

ஆணி கையோடு வந்துவிட்டது.

அது வெதுவெதுப்பாக இருந்தது. நுனியில் ஈரம்.

அந்தக் கணமே வலி நின்றது. நாக்கால் கடைவாயைத் தடவிப் பார்த்தாள். சொத்தைக் குழி இல்லை, பல் வழுவழுவென்று இருந்தது. அல்லாஹ்வே என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் யாரோ முனகினார்கள்.

கதவை ஒட்டி ஒரு பெரியவர், தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் துணி முடிச்சுப் போட்டபடி நின்றார்.

"எத்தனையோ காலமா மறந்திருந்தேன்மா," என்றார் மெதுவாக. "மறுபடியும் வலிக்குதே. இதை நான் எங்க கொண்டு போய் வைப்பேன்?"

அவர் கண் அவள் முகத்தில் இல்லை. வயிற்றில் இருந்தது.

ராவியா ஆணியைப் போட்டுவிட்டு ஓடினாள். புருஷன் ஸலாமா கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "வேலியில போன ஓணானை மடியில கட்டிக்கிட்டு வந்திருக்கியே. அடுத்தவன் வலியை எதுக்குப் புடுங்கினே?" கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனான். ஆணி கிடந்தது. திரும்பச் செருகத்தான் ஓட்டை இல்லை. மரம் மூடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பல் வலிக்கவில்லை. பெரியவரும் கண்ணில் படவில்லை. ராவியா கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்கப் பழகினாள். சில நாள் மட்டும், படுத்திருக்கும்போது, வயிற்றுக்குள்ளிருந்து கேட்டது.

டொக். டொக்.

புள்ளை உதைக்குது என்றாள் இன்ஸாஃப்.

மாதம் நிறைந்து பெண் பிறந்தது. நல்ல எடை, நல்ல நிறம். ஆனால் அழுகையை நிறுத்தவில்லை. பால் குடிக்கவில்லை. குட்டிக் கையைக் கன்னத்தில் வைத்தபடியே அழுதது.

பெயர் வைப்பதற்கு முன்பே மருந்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

நெர்மின் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள். சின்ன ஈறின் கடைசியில், முழுசாக வளர்ந்த ஒரு கடைவாய்ப்பல். நடுவில் கறுப்பாகச் சொத்தை.

"ஏதாவது மாத்திரை குடுங்க டாக்டர். அந்தச் சிவப்பாவது குடுங்க."

"பச்சைக் குழந்தைக்கு அதெல்லாம் குடுக்கவே கூடாது," என்றாள் நெர்மின். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. இதுக்குக் குடுக்க எங்கிட்ட மருந்து இல்ல."

ராவியாவுக்குப் பின்னால் ஏதோ கடிபடும் சத்தம் கேட்டது.

கடைப் பெஞ்சில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். தாடையில் துணி இல்லை. வறுத்த பூசணி விதையை ஒவ்வொன்றாகக் கடைவாயில் வைத்து, நிதானமாகக் கடித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"இப்ப எனக்கு வலியே இல்லம்மா," என்றார். "புள்ளைக்கு ஆண்டவன் நீண்ட ஆயுசைக் குடுக்கட்டும்."

"என் புள்ளைகிட்டேருந்து எடுத்துக்க," என்று கத்தினாள் ராவியா. "எனக்கே குடுத்துடு, நான் வலிச்சுக்கிறேன்."

"யார்கிட்ட பேசுறீங்க?" என்றாள் நெர்மின்.

பெஞ்ச் காலியாக இருந்தது. அதன் மேல் கடித்துத் துப்பிய விதைத்தோல்கள் குவிந்திருந்தன.

இன்னும் ஈரம் காயவில்லை.