வடக்கு மூலையில் நிற்கும் வண்டி

புல்வெட்டும் வண்டி மறுபடியும் நின்றுவிட்டது. அதே வடக்கு மூலையில், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்.

"இது எத்தனாவது தடவை?" என்று மைதானத்தின் நடுவிலிருந்து சூப்பர்வைசர் கத்தினார்.

ஓட்டும் சீட்டில் இருந்த அம்மா மறுபடி சாவியைத் திருகினாள். கம்பி வேலிக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்த தொணா தனக்குள் சொல்லிக்கொண்டாள்: "ஆறாவது."

தொணா என்பது அவள் பெயர் இல்லை. ஓயாமல் தொணதொணவென்று கேள்வி கேட்பதால் வீட்டில் வைத்த பட்டம். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அம்மா வேலை செய்யும் மைதானத்துக்கு வந்துவிடுவாள். ஆனால் புல்வெட்டும் வண்டி ஓடும்போது வேலியைத் தாண்டக் கூடாது. அது அம்மா போட்ட சட்டம்.

"ஏன்மா? நான் ஓரமாத்தானே நிப்பேன்?"

"பிளேடுக்கு ஓரமும் தெரியாது, நடுவும் தெரியாதுடி. ஒரு சின்னக் கல்லு மாட்டினாப் போதும், கவண்ல இருந்து வர்ற மாதிரி பறந்து வரும்."

அதனால்தான் வண்டியை எடுக்கும் முன் அம்மா மைதானம் முழுக்க நடந்து கல், கம்பி, பாட்டில் மூடி எல்லாம் பொறுக்குவாள். ஷூ போடுவாள். ஆயில் பார்ப்பாள். பெட்ரோல் ஊற்ற வேண்டுமென்றால் என்ஜின் சூடு ஆறும்வரை காத்திருப்பாள். இத்தனை செய்தும் வண்டி ஏன் நிற்கிறது? தொணாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முன்பு அந்த வண்டியை ஓட்டியவர் மலை அண்ணன். ஆள் உண்மையாகவே மலைபோல இருப்பார். அவர் வேறு மைதானத்துக்கு மாற்றலாகிப் போகும்போது, மூன்று வருஷமாகத் துடைப்பம் பிடித்த அம்மா, "நான் ஓட்டுறேன் சார்" என்று கேட்டு வாங்கிய வேலை இது. மலை அண்ணனிடம் ஒரு மாதம் கற்றுக்கொண்ட பிறகுதான் ஏறினாள்.

மலை அண்ணன் ஓட்டும்போது எப்போதாவது வண்டி நின்றால், "வண்டியில ஏதோ கோளாறு" என்பார் சூப்பர்வைசர். அம்மா ஓட்டும்போது நின்றால், "உனக்கு ஓட்டத் தெரியல" என்கிறார். வண்டி ஒன்றுதான். நியாயம்தான் இரண்டு.

அவர் இப்போது வேகமாக நடந்து வந்தார்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மைதானம் முடியணும். முடியலன்னா வண்டிக்கு வேற ஆளைப் போட்டுடுவேன். நீ பழையபடி துடைப்பத்தை எடுத்துக்க."

"நான் ஒண்ணுமே பண்ணல சார். தானா நிக்குது."

"தானா நிக்கிறதுக்கு அது என்ன கழுதையா?"

அம்மாவின் முகம் சிவந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் வேகமாக நடந்தாள். தொணாகூட ஒரு கேள்விதான் கேட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே மெக்கானிக் வந்துவிட்டார். பெட்ரோல் பார்த்தார், பிளக்கைக் கழற்றித் துடைத்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு தானே ஏறி ஒரு சுற்று ஓட்டினார். வடக்கு மூலை வந்தது. வண்டி நிற்கவில்லை. ஜம்மென்று போனது.

"வண்டி நல்லாத்தானே இருக்குக்கா."

"நான்தான் சொன்னேன்ல?" என்றார் சூப்பர்வைசர்.

அம்மா ஏறி ஓட்டினாள். வடக்கு மூலை. நின்றது.

மெக்கானிக் மறுபடி ஏறினார். நிற்கவில்லை. அம்மா ஏறினாள். நின்றது. மெக்கானிக் ஸ்பேனரால் தலையைச் சொறிந்தார்.

"என்ன கூத்து இது. ஆளைப் பார்த்தா நிக்குது?"

வண்டிக்குக் கண் இருக்கிறதா என்ன? தொணா குழம்பிப் போனாள். கண் இல்லாமல் அம்மா யார், மெக்கானிக் யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? அம்மாவை அதற்குப் பிடிக்கவில்லையா? அம்மா தினமும் பிளேடு அடியிலிருந்து புல்லைச் சுரண்டி எடுக்கிறாளே. அதுவும் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான். இந்த வண்டியை இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிற ஆள் வேறு யார்?

"அம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டு" என்றாள்.

வேலியோரமாக ஓடி, வடக்கு மூலைக்கு நேராகக் குப்புறப் படுத்துக்கொண்டாள். முகவாய் தரையில் பட்டது.

வண்டி வந்தது. மூலையில் தடக்கென்று ஒரு குலுக்கல். அந்த நொடியில் அம்மாவுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு கோடு வானம் தெரிந்தது. என்ஜின் நின்றது.

"அம்மா, நீ எழும்பின. நீ எழும்பினதும் அது நின்னுடுச்சு."

"நான் எங்கடி எழும்பினேன்? தூக்கிப் போட்டுச்சு."

மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, சீட் சுவிட்ச். சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் இருக்கு பாப்பா. மேல ஆள் இல்லன்னா என்ஜினை நிறுத்திடும். நான் கனமா இருக்கேன், என்னைத் தூக்கிப் போடல. அக்காவைத் தூக்கிப் போடுது. ஆள் இறங்கிட்டாங்கன்னு வண்டி நினைச்சுக்குது."

"அவ்வளவுதானா?" என்றார் சூப்பர்வைசர். "அந்தச் சுவிட்ச் ஒயரை வெட்டி முறுக்கி விடு. அப்புறம் எப்படி நிக்கும்னு பார்க்கலாம்."

"ரெண்டு நிமிஷ வேலை சார்." மெக்கானிக் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தார்.

"செஞ்சிடுங்க தம்பி" என்றாள் அம்மாவும். "சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்."

எல்லாருக்கும் சந்தோஷம். தொணாவுக்கு மட்டும் எங்கேயோ இடித்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"மாமா, ஒயரை வெட்டிட்டா அப்புறம் நிக்கவே நிக்காதா?"

"நிக்கவே நிக்காது பாப்பா."

"அம்மா கீழ விழுந்துட்டா?"

மெக்கானிக் நிமிர்ந்தார்.

"அம்மா கீழ விழுந்துட்டா, அப்பவும் பிளேடு சுத்திட்டே இருக்குமா?"

அம்மா பிளேடு இருந்த பக்கம் பார்த்தாள். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். மெக்கானிக் பிளேயரைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"நான் வெட்ட மாட்டேன் சார்."

"அப்ப என்னதான்யா வழி?"

மெக்கானிக் சாவியை எடுத்துவிட்டு சீட்டுக்குப் பின்னால் குனிந்தார். "இங்க ஒரு திருகு இருக்கு. ஓட்டுறவங்க எடைக்குத் தகுந்த மாதிரி ஸ்பிரிங்கை வைக்கிறதுக்கு. பாருங்க, மலை அண்ணன் எடைக்கு வச்சது அப்படியே இறுகிக் கிடக்கு. அக்காவுக்காக யாருமே மாத்தல."

இத்தனை நாளாக அம்மா வேறொருவருடைய சீட்டில்தான் குதித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவர் திருகைத் தளர்த்தினார். அம்மா மூலையில் புல்லை விலக்கித் தேடினாள். போன வாரம் நட்டுப் பிடுங்கிய கொடிக்கம்பக் குழிகள் மூன்று. மேலாக மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள், மழையில் அது உள்வாங்கிவிட்டது. வண்டி ஓடாததால் தொணாவுக்கு உள்ளே வர அனுமதி கிடைத்தது. மண் சுமந்தாள். மிதித்து மிதித்துக் கெட்டியாக்கினாள். பிறகு வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

அம்மா வண்டியை மெதுவாக விட்டாள். வடக்கு மூலை வந்தது. வண்டி லேசாக ஆடியது. சீட்டும் அம்மாவும் சேர்ந்தே ஆடினார்கள். என்ஜின் சத்தம் நிற்கவே இல்லை.

மூன்று மணிக்கெல்லாம் மைதானத்தில் நாலு வரிசைதான் பாக்கி. சூப்பர்வைசருக்குக் கை அரித்தது.

"இறங்கும்மா, நான் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கிறேன்."

ஏறினார். பிளேடைச் சுழல விட்டார். பத்தடி போனார். திரும்புவதற்காக வண்டியைப் பின்னால் எடுத்தார். பட்டென்று நின்றது.

சூப்பர்வைசர் சாவியைத் திருகிப் பார்த்தார். சீட்டில் அழுத்தி அழுத்தி உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் வேலிப் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, இப்ப ஏன் நின்னுச்சு?"

"அம்மாகிட்ட கேளுங்க சார்" என்றாள் தொணா. "அவங்கதான் டிரைவர்."

அவர் அம்மா பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா... இது ஏன் நின்னுச்சு?"

"பின்னால எடுக்கும்போது பிளேடை நிறுத்திடணும் சார். இல்லன்னா வண்டி தானா நின்னுடும். பின்னால யாராவது நின்னா என்ன ஆகிறது?" அம்மா சாவிக்காகக் கையை நீட்டினாள். "இறங்குங்க. எனக்கு இன்னும் நாலு வரிசை இருக்கு."

சூப்பர்வைசர் இறங்கினார்.