வாள் இல்லாத ஐம்படைத்தாலி

பெண்ணையாற்றங்கரையில் கருங்குன்றக் கோட்டையின் மதில் நிழல் நீண்டு நீரில் விழ, மேற்கே செவ்வானம் மங்கிக் கிழக்கே முழுமதி தலைகாட்டிய அந்த அந்திப் பொழுதில், கொற்றவை கோயில் முற்றத்தில் வீரர்கள் கூடியிருந்தார்கள். மறுநாள் போர். வெற்றி வேண்டித் தன் தலையைத் தானே அரிந்து தேவிக்குக் கொடுக்க ஒருவன் வாளோடு அமர்ந்திருந்தான். அவன் குடுமி, வளைத்து இழுத்த மூங்கிலின் நுனியில் கட்டப்பட்டிருந்தது; தலை அறுபட்ட கணமே மூங்கில் நிமிர்ந்து அதை மேலே தூக்கிவிடும்.

அவனுக்கு மாலை சூட்ட வந்தவள் மாறம்பாவை. வாசகர்களே, அக்கோட்டையின் வழக்கத்தைக் கேளுங்கள்: மாலை விழுந்தபின் பலி வீரன் பொய்யுரைக்கக் கூடாது. உறவு என்று ஒருவர் உரிமை கோரி, அவனும் ஒப்புக்கொண்டால், பலியை நிறுத்தி அவன் கை வாளைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். அந்த வம்பே வேண்டாமென்றுதான் தாய் தந்தையற்ற பெண்ணை மாலையிட அழைப்பார்கள். ஆதரவற்ற குழந்தைகளை வளர்க்கும் அறச்சாலையில் வளர்ந்தவளைவிடப் பொருத்தமானவள் வேறு யார்!

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தன்னை அச்சாலை வாயிலில் விட்டுப்போன தந்தையை அவள் வணிகர் கூட்டங்களாகிய சாத்துகளோடு ஊர் ஊராகத் தேடி அலைந்ததை எவர் பொருட்படுத்தினார்? அவள் கழுத்திலிருந்த ஒரே அடையாளம், ஐந்து சிறு படைக்கல உருக்களைக் கோத்துக் குழந்தைக்குக் காப்பாகக் கட்டும் ஐம்படைத்தாலி. சங்கு, சக்கரம், தண்டு, வில் நான்கும் இருந்தன. வாள் மட்டும் இல்லை.

குனிந்து மாலையிட்டாள். ஐயோ! வீரனின் கழுத்தில், கறுப்புக் கயிற்றில், விரல்நுனி அளவில் ஒரு பொன் வாள்!

"தண்டநாயகரே, நிறுத்துங்கள்! இவர் என் தந்தை!"

படைத்தலைவர் மழவரையரின் முகம் சிவந்தது. "என்ன உளறுகிறாய், பெண்ணே? இவன் பூதன் சாத்தன். முன்னொரு போரில் புறமுதுகிட்டு ஓடிய பழியைத் துடைக்க வந்தவன். இவனுக்கு மகள் ஏது?"

"அவரே சொல்லட்டும். மாலை விழுந்துவிட்டதே, இனி பொய் சொல்ல முடியாதல்லவா? ஐயா, நான் யார்?"

அடி பேதைப் பெண்ணே! உண்மை வெளிப்பட்டால் தந்தை பிழைத்துவிடுவார் என்று நம்பினாயே, முதலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாதா?

சாத்தன் அவள் கழுத்தைப் பார்த்தான். கண்கள் கலங்கின.

"நீ என் மகள். எரிந்த ஊரிலிருந்து உன்னைத் தூக்கிவரத்தான் அன்று களத்தை விட்டு ஓடினேன், அம்மா. அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. பழியோடு உன் முன் வரத்தான் நாணினேன். இன்னொரு முறை ஓட மாட்டேன்."

வாளை வாங்க மழவரையர் கை நீட்டினார். "அப்பா!" என்று அவள் அலறிப் பாய்ந்தாள். அதற்குள் மூங்கில் விண்ணென்று நிமிர்ந்துவிட்டது.

பிறகு மழவரையர், "இந்த ஆதரவற்ற பெண்ணை அறச்சாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்றார்.

மாறம்பாவை தரையில் கிடந்த பொன் வாளைத் துடைக்காமலே எடுத்துத் தன் ஐம்படைத்தாலியில் கோத்துக்கொண்டு எழுந்தாள்.

"இனி என்னை அப்படி அழைக்காதீர்கள், தண்டநாயகரே. இவருக்கு நடுகல் எடுப்பீர்கள் அல்லவா? அதில் என் பெயரையும் வெட்டச் சொல்லுங்கள். நான் பூதன் சாத்தன் மகள்."